கனம் எந்தத் துண்டில்

எங்கள் பள்ளத்தில் தொண்டை இருக்கிறவன்தான் ஆள். படிப்பு, தோட்டம், நகை எல்லாம் அதற்கப்புறம்.

கிளியூரில் என் காப்பித் தோட்டம் இந்தச் சரிவில். என் சம்சாரம் காளியாயிக்குத் தம்பி வெள்ளையன், அவன் தோட்டம் எதிர்ச் சரிவில். ரோடும் டீக்கடையும் அவன் பக்கம்தான். நடுவில் பள்ளம். இறங்கி ஏறினால் முழங்கால் கழன்று போகும். அதனால் கூப்பிட்டுத்தான் பேசிக்கொள்வோம். அதற்கு முறை இருக்கிறது. முதலில் ஆளின் பெயரை மட்டும் கூப்பிட வேண்டும். அந்தப் பக்கமிருந்து ‘ஓய்’ என்று பதில் வந்தால்தான் சேதி. பதில் வராமல் சேதியைக் கொட்டுகிறவன் பைத்தியக்காரன். கேட்டவன் சேதியின் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும், சேர்ந்துவிட்டது என்று தெரிய. அடுத்த சரிவுக்குப் போக வேண்டிய சேதியென்றால் திரும்பி நின்று அங்கே கொடுக்க வேண்டும். புரிந்ததா புரியவில்லையா என்கிற பேச்செல்லாம் கிடையாது.

இன்னொன்று. வார்த்தையின் தலையைக் காற்று தின்றுவிடும். அதனால் வாலை இழுக்க வேண்டும். வெள்ளையா என்று கூப்பிட்டால், அந்த ‘யா’ போய் எதிர்ப் பாறையில் முட்டித் திரும்ப வேண்டும். நல்லா இழுத்துக் கூப்பிட்டால் மற்ற சரிவுகளில் வேலை செய்கிறவர்கள் ‘ஊ’ என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். அது எங்கள் கைதட்டு. எனக்கு விழுந்த ‘ஊ’ வேறு எவனுக்கும் விழுந்ததில்லை. அந்த நினைப்புதான் போன மாசியில் என் மானத்தை வாங்கியது.

என் மகள் ராசம்மாள் சேலத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்தவள். எங்கள் சரிவில் அதுவரை படித்ததெல்லாம் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான். ஏற்காட்டில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம், பேர் வேண்டாம், அங்கே ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போன இடத்தில் இவளைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். அந்த டீச்சர் திரும்பி வரப்போவதில்லை என்று ஆனதும், வேலை இவளுக்கா, சேலத்திலிருந்து மனு போட்டிருக்கும் இன்னொரு பெண்ணுக்கா என்று பேச்சு வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா இவளைக் கூப்பிட்டு, “ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு மைக்குல அனௌன்ஸ்மென்ட் நீ பண்ணு. பாத்துட்டுச் சொல்றேன்” என்றார்களாம்.

இவள் ஊட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

“ஏன் சாமி? பேசத்தானே சொல்லிருக்காங்க? அடிக்கவா சொன்னாங்க?” என்றேன்.

“நான் இங்கிலீஷ் பேசினா பிள்ளைங்க சிரிக்குதுங்கப்பா.”

“தப்பாப் பேசறியா?”

“தப்பில்லீங்க. எல்லா எழுத்தையும் ஒரே மாதிரி சொல்றேனாம். ஓட்டு மேல மழை பெய்யற மாதிரி இருக்குதாம். ஒரு பையன் எனக்குப் பின்னால மேசையில தட்டிக் காட்டறான்.”

எனக்குக் கோபம் வந்தது. இவள் பேச்சில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. எழுத்து எல்லாம் முழுசாக வருகிறது, வேறென்ன வேண்டும்? வெள்ளைக்காரன் போய் நாற்பது வருசம் ஆகியும் இன்னும் நம் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று திட்டினேன். காளியாயி, “வெள்ளைக்காரனை அப்பறம் திட்டலாம், கொட்டாயில ஆட்டைப் புடிச்சுக் கட்டுங்க” என்றாள்.

பிறகு பார்த்தால் ராசம்மாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வருவதில்லை. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறாள். கேட்டால், பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் பஷீர் அகமது பாயின் சம்சாரம் ஹலீமா இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள் என்றாள். ஹலீமா அதே பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவளாம்.

“எவ்வளவு கேக்கறா?”

“ஒண்ணும் கேக்கலீங்கப்பா.”

அங்கேதான் எனக்கு உறுத்தியது. கடைக்காரி. நூறு கிராம் மிளகு வாங்கினால் காகிதத்தையும் சேர்த்து நிறுக்கிற ஊர் இது. சும்மா எவளாவது எதையாவது கொடுப்பாளா? மறுநாள் நானும் பஸ் ஏறினேன். கடையில் மிளகு விற்க வந்தவன் மாதிரி ஒரு சின்னப் பையோடு போய் நின்றேன்.

கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்கியிருக்கும் இடத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு முறம். முறத்தில் புளியங்கொட்டை வரிசையாக வைத்திருந்தது. ஒரு கொட்டையின் மேல் மட்டும் தராசுக் கல், ஐம்பது கிராம் படிக்கல். குறி பார்க்கிறாள் என்றே நினைத்தேன். என் பெண்ணுக்கு என்னத்தையோ வைத்துக் கட்டுகிறாள்.

“ஏம்மா, இது என்ன சோழி உருட்டறீங்க?” என்றேன்.

ஹலீமா தலையில் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தாள். “வாங்கண்ணா. சோழி இல்லீங்க, இங்கிலீஷு. உக்காருங்க. அந்த மூட்டை மேல வேண்டாம், அது வெல்லம்.”

நான் வெல்ல மூட்டை மேலேயே உட்கார்ந்தேன்.

“இங்க பாருங்கண்ணா. ‘நேஷன்’னு ஒரு வார்த்தை. ரெண்டு துண்டு. நே, ஷன். ரெண்டு கொட்டை. கனம் மொதல் துண்டுல.” முதல் கொட்டையில் படியை வைத்தாள். “இப்ப முன்னால ‘இன்டர்’னு ஒண்ணைச் சேக்கறேன், பின்னால ‘அல்’லுன்னு ஒண்ணு. இன்டர்நேஷனல். அஞ்சு துண்டு ஆச்சு. ஆனா கனம்?”

“நேயிலதாங்கக்கா,” என்றாள் ராசம்மாள். படி நகரவில்லை.

“முன்னால எதைக் கட்டினாலும் பெரும்பாலும் கனம் அசையாது. வால்தான் ஆட்டம் காட்டும். இப்ப ‘இட்டி’ன்னு ஒரு வால். நேஷனாலிட்டி. கனம் எங்க போச்சு?”

ராசம்மாள் படியை எடுத்து மூன்றாவது கொட்டையில் வைத்தாள். நே, ஷ, னா. அந்த னாவில்.

“சபாஷ். மத்த துண்டையெல்லாம் மென்னுட்டுப் போ. தேய்ஞ்ச மாதிரி சொல்லு. கனம் இருக்கறதை மட்டும் உரக்கச் சொல்லு. அந்த ஒண்ணு காதுல உழுந்தாப் போதும், மீதியைக் கேக்கறவங்களே சேத்துக்குவாங்க.”

“எல்லா வாலுக்கும் இப்படித்தானா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“இல்லீங்கண்ணா. ‘லெஸ்’, ‘னெஸ்’னு சாதுவான வாலுங்க இருக்குது. ‘கேர்’ங்கற வார்த்தைக்கு ரெண்டையும் கட்டுங்க. கேர்லெஸ்னெஸ். கனம் இருந்த இடத்துலயே குந்தியிருக்கும். ஆனா ‘ஷன்’ வந்ததுன்னா விடாது. இழுத்துட்டு வந்து தனக்கு முன்னாலயே உக்கார வெச்சுக்கும்.”

ஒரு வாலுக்கு நகருகிறது, ஒரு வாலுக்கு நகரவில்லை. முன்னால் கட்டினால் ஒரு நியாயம், பின்னால் கட்டினால் ஒரு நியாயம். இதில் ஏதோ ஏமாற்று இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. “நீங்க எதுக்கும்மா இவளுக்குச் சும்மா சொல்லித் தர்றீங்க?” என்று நேராகவே கேட்டேன். ராசம்மாள் தலை குனிந்துகொண்டாள்.

ஹலீமாவுக்குக் கோபம் வரவில்லை. “உளுந்து, துவரைன்னு பேசிப் பேசி நாக்கு துரு புடிச்சுப் போச்சுங்கண்ணா. உங்க பொண்ணு வந்தாத்தான் அது கொஞ்சம் ஓடுது. நான்தான் அவளுக்கு ஏதாச்சும் குடுக்கணும்” என்றாள். பிறகு என் பையைப் பார்த்து, “மிளகு ஈரமா இருக்குது, காய வெச்சுக் கொண்டாங்க” என்றாள். அதை மட்டும்தான் நான் நம்பினேன்.

ஊட்டுக்கு வந்து ராசம்மாள், நாங்கள் நின்று கூப்பிடுகிற பாறையில் ஏறிச் சொல்லிப் பார்ப்பாள். ஸ்போர்ட்ஸ் டேக்கு வேண்டிய வார்த்தைகள். பார்ட்டிசிபேஷன், கங்கிராஜுலேஷன்ஸ் என்று நீட்டு நீட்டாக. அதில் ஒன்று எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது, டிஸ்குவாலிஃபிகேஷன். ஓட்டத்தில் தள்ளிவிட்டால் ஆட்டத்தை விட்டு நீக்கிவிடுவார்களாம், அதற்குப் பேர். ஆறு துண்டு. ‘ஷன்’ வந்ததால் கனம் ‘கே’யில். அவள் அந்தக் ‘கே’யில் காலைத் தரையில் தட்டுவாள், மற்றதெல்லாம் வாய்க்குள்ளேயே கரைந்து போகும்.

எனக்குப் பொறுக்கவில்லை. “கண்ணு, பாதி வார்த்தையை முழுங்கற. கடைசியை இழு. கேஷஏஏஏன்னு இழு. அப்பத்தான் போய்ச் சேரும்.”

“அப்பா, இது பள்ளத்துல கூப்புடற பேச்சு இல்லீங்க. மைக்கு இருக்குது.”

“மைக்கை நம்பாத. கரண்டு போச்சுன்னா?”

“போகாதுங்கப்பா.”

“பாய் ஊட்டுக்காரி சொன்னது வேதவாக்கா? நாப்பது வருசமா நான் பள்ளம் தாண்டிப் பேசறேன்.”

காளியாயி அடுப்படியிலிருந்து, “நாப்பது வருசமா ஆடு காணோம், மாடு காணோம்னுதான் பேசினீங்க. அவ வேற வேலைக்குப் போறா” என்றாள். ராசம்மாள் சிரித்தாள். நானும் விட்டுவிட்டேன். ஆனால் மனசுக்குள் நான் சொன்னதுதான் சரி என்று இருந்தது.

ஸ்போர்ட்ஸ் டே அன்று வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போனேன். அவள் வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கம்பி வேலி ஓரமாக, டிரைவர்மார்களும் ஆயாக்களும் நிற்கிற இடத்தில் நின்றேன். ஷாமியானாவுக்குள் சேலத்திலிருந்து கார் போட்டு வந்த தாய் தகப்பன்மார். மைதானம் நீளம். அந்தக் கோடியில் யூகலிப்டஸ் மரத்தடியில் ஓடப்போகிற பிள்ளைகள் கலர் கலர் பனியனில் நின்றார்கள்.

ராசம்மாள் மைக்கைப் பிடித்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவள் பேசினாள். யாரும் சிரிக்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொல்லித் தலையாட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற டிரைவரிடம், “அது என் பொண்ணுங்க” என்றேன். அவன் என் வேட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அப்படிங்களா” என்றான்.

அப்போது கரண்டு போனது.

மைக்செட்காரன் ஓடினான், பெட்டியைத் தட்டினான், வயரைப் பிடுங்கிச் சொருகினான். அந்தக் கோடியில் பிள்ளைகள் வரிசை கலைந்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். ராசம்மாள் வாயில் கையைக் குவித்து ஒரு தடவை கூப்பிட்டாள். அவளுக்குச் சின்னத் தொண்டை, அம்மாவைக் கொண்டது. ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நான் வேலியைச் சுற்றி உள்ளே போய்விட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எனக்குத் தெரியும், எங்கள் ஊரில் ஒருத்தன் கூப்பிட்டது போய்ச் சேராமல் தவிக்கிறான் என்றால் பக்கத்தில் இருக்கிறவன் எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்டுக்கொண்டு நிற்க மாட்டோம்.

“அம்மா, நான் கத்தறேனுங்க. எம் பொண்ணு சொல்லட்டும், நான் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்ச் சேத்தறேன்” என்றேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ராசம்மாளைப் பார்த்தார்கள். “உங்கப்பாவா?”

“ஆமாங்க மேடம்,” என்றாள். அவள் கண் என்னிடம் வேண்டாம் என்றது. கண்ணில் சொல்வதைப் பார்க்கிற ஆளா நான்?

“சரி, வேற வழி? சொல்லுங்க.”

ராசம்மாள் மெதுவாகச் சொன்னாள். நான் நெஞ்சை நிறைத்துக்கொண்டு எடுத்தேன். “அட்டென்ஷஏஏஏஏன்!”

அந்தக் கோடியில் அத்தனை தலையும் திரும்பியது. பார்த்தாயா? ராசம்மாள் அடுத்ததைச் சொன்னாள். “பார்ட்டிசிபேஷஏஏஏன்!” மரத்தடியில் ஒரு பையன் ‘ஊஊ’ என்றான். இன்னொருத்தன் ‘ஊஊ’ என்றான். பிறகு மொத்தக் கூட்டமும்.

எங்கள் பள்ளத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்நிய ஊர்ப் பிள்ளைகள், காரில் வந்த பிள்ளைகள், என் தொண்டைக்கு ‘ஊ’ கொடுக்கிறார்கள். நான் ராசம்மாள் சொல்லி முடிக்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை. எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. கையைக் குவித்து, இடுப்பை வளைத்து, “டிஸ்குவாலிஃபிகேஷஏஏஏஏஏன்!” என்று அதுவரை இழுக்காத இழுப்பு இழுத்தேன். அது யூகலிப்டஸ் மரத்தைத் தாண்டி ஏரிப் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

மைதானமே உருண்டது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் விழுந்தார்கள். ஒருத்தன் என் மாதிரியே இடுப்பை வளைத்து ‘ஷஏஏன்’ என்றான், பத்துப் பேர் அவனோடு சேர்ந்தார்கள். நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அதைத்தான் இப்போதும் நினைக்க முடியவில்லை. கையைக்கூட ஒரு தடவை தூக்கிக் காட்டினேன், ‘ஊ’ கொடுத்தவர்களுக்கு நாங்கள் காட்டுவது மாதிரி. பிறகு ஷாமியானா பக்கம் திரும்பினேன். ஒரு அம்மாள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். வேலியோரம் அந்த டிரைவர் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தான். அவன் அப்படிப் பார்த்ததில்தான் எனக்கு உறைத்தது.

ராசம்மாளின் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் இருக்கும்.

“அப்பா,” என்றாள். “போதும். நிறுத்துங்க.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் கேட்டார்கள். என் கை இரண்டும் வாயருகே குவிந்தபடியே இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அவள் ஒரு பெஞ்சின் மேல் ஏறினாள். மைக் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த மெல்லிய தொண்டையில் பேச ஆரம்பித்தாள். கத்தவில்லை. ஒவ்வொரு நீட்டு வார்த்தையிலும் ஒரு துண்டை மட்டும் எடுத்துக் கல் எறிகிற மாதிரி எறிந்தாள். மற்ற துண்டுகள் அவள் காலடியிலேயே உதிர்ந்தன. நான் அவளுக்குப் பின்னால், மைக்செட் பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தேன், எனக்கே பாதிதான் கேட்டது. ‘பே’ கேட்டது. ‘கே’ கேட்டது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோடியில் பிள்ளைகள் எழுந்தார்கள். புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தள்ளிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். பீப்பி ஊதியதும் ஓடினார்கள்.

நாற்பது வருசம் வாலை இழுத்த எனக்கு, வெல்ல மூட்டை மேல் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கடைக்காரி சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த ஒண்ணு காதுல உழுந்தாப் போதும். அவளைப் போய் எதுக்குச் சும்மா சொல்லித் தர்றே என்று கேட்டவன் நான்.

எல்லாம் முடிந்து ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்கள். “பெரியவரே, நல்ல தொண்டை உங்களுக்கு” என்றார்கள். சிரிக்காமல்தான் சொன்னார்கள். பிறகு ராசம்மாளிடம், “அடுத்த வருஷம் ஒரு பேட்டரி செட் எடுத்து வெச்சுக்கணும்” என்றார்கள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருஷம் இருப்பாளா மாட்டாளா என்றும் சொல்லவில்லை.

பஸ்ஸில் ராசம்மாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். “அப்பா, டிக்கெட்டை நான் எடுத்துட்டேனுங்க” என்றாள், அவ்வளவுதான். ரெண்டு அறை கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சேதி எனக்கு முன்னால் ஊருக்கு வந்திருந்தது. பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் எங்கள் ஆள் ஒருத்தி வேலை செய்கிறாள். மறுநாள் காலை நான் தோட்டத்தில் கால் வைத்தேன், எதிர்ச் சரிவிலிருந்து வெள்ளையன் கூப்பிட்டான்.

“மச்சாஅஅஅன்!”

“ஓஓய்!” என்றேன், பழக்கத்தில்.

“டிஸ்குவாலிஃபிகேஷஏஏஏஏன்!”

மேலே நின்ற இன்னொருத்தன் அதை வாங்கி அந்தப் பக்கம் கொடுத்தான். அங்கிருந்து இன்னொரு சரிவு. முறை தவறாமல், வந்ததை வந்தபடி, மலை மலையாக என் வார்த்தை போனது. கடைசியில் எங்கிருந்தோ ‘ஊ’ என்று வந்தது. வெள்ளையன் மனசில் கெட்டது இல்லை, மச்சானைக் கேலி பேசாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஆனால் எனக்கு அன்றைக்குக் களைக்கொத்தைப் பிடிக்கக் கை வரவில்லை.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கப்புறம் நான் ‘ஓய்’ கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஓய் கொடுக்காமல் அவன் சேதி சொல்ல முடியாது. வெள்ளையனிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறிப் போய்ச் சொன்னேன். அவன் மோர் கொடுத்தான். “ஏன் மச்சான், வாய்ல கொழுக்கட்டையா?” என்றான். குடிக்காமல் திரும்பி வந்தேன்.

ராசம்மாள் பள்ளிக்கூடம் போய் வந்தாள். வேலை என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்தச் சேலத்துப் பெண் ஒரு நாள் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனதாகக் காளியாயிதான் சொன்னாள். “தெளிவா இங்கிலீஷு பேசுதாம். அப்பன் பாங்கியில இருக்கறாராம்.” அப்பன் என்ற வார்த்தையில் கனத்தை வைத்தாள் என்று எனக்குப் பட்டது. வைக்காமலும் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. நான் களத்தில் காப்பிக்கொட்டை துழாவிக்கொண்டிருந்தேன். பொழுது சாயப் போகிற நேரம்.

“மச்சாஅஅஅன்!”

வந்துவிட்டான். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

“மச்சாஅஅஅஅன்!”

“கூப்பிடறான்ல?” என்றாள் காளியாயி.

“கூப்பிடட்டும்.”

“ஏதாச்சும் அவசரமா இருந்தா?”

“என்ன அவசரம்? என்னைக் கேலி பண்ணப் புதுசா நாலு எழுத்து கண்டுபுடிச்சு வெச்சிருப்பான். உன் தம்பிதானே, நீயே போய் வாங்கிக்கோ.”

மூன்றாவது தடவையும் கூப்பிட்டான். குரலில் எரிச்சல் இருந்தது. அது எனக்குக் காதில் விழாமல் இல்லை. கேலிக்குக் கூப்பிடுகிறவன் அப்படிக் கூப்பிட மாட்டான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் காப்பிக்கொட்டையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் அந்த ‘ஷஏஏன்’தான் வரும் என்று இருந்தது எனக்கு.

ராசம்மாள் ஊட்டுக்குள்ளிருந்து வந்தாள். என்னைத் தாண்டிப் போய்ப் பாறையில் ஏறினாள். அவள் பள்ளத்தில் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளையில் கற்றுக்கொடுத்தேன், பிறகு புஸ்தகம் வந்துவிட்டது.

“ஓஓஓய்! மாமாஆஆஆ!”

“ராசம்மாவாஆஆ?”

“ஆமாஆஆ!”

வெள்ளையன் மூச்சு வாங்கிக்கொண்டு, துண்டு துண்டாகக் கொடுத்தான். “பள்ளிக்கூடத்து ஆபீஸ்ல இருந்தூஊஊ... பஸ் கண்டக்டர்கிட்டச் சொல்லி உட்டிருக்காங்கஅஅ... வேல உனக்குத்தானாஆஆம்... திங்கக்கெழமக் காலைல மொத பஸ்ஸுக்கு வந்து கையெழுத்துப் போடோணுமாஆஆம்... உட்டா அந்தச் சேலத்துப் புள்ளைக்குப் போயிருமாஆஆம்...” கொஞ்சம் நின்றான். கண்டக்டர் சொன்ன வார்த்தையை மனசுக்குள் உருட்டிப் பார்க்கிறான் போலிருக்கிறது. “கன்ஃபர்மேஷஏஏஏஏன்!”

நான் இழுத்த அதே இழுப்பு. காற்று வாங்கிப் பாறையில் கொண்டுபோய் முட்டியது. எந்தச் சரிவிலும் யாரும் சிரிக்கவில்லை. இந்த இடத்தில் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

காளியாயி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ராசம்மாள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேதி கேட்டவர் கடைசி வார்த்தையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவள் அதை மறக்கவில்லை. எந்தத் துண்டில் கனம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முறத்தில் படி வைத்துப் படித்த வார்த்தை. ‘ஷன்’னுக்கு முன்னால் இருக்கும் ‘மே’யில். கையைக் குவித்தாள். இடுப்பை வளைத்தாள், என்னைப் போலவே.

“கன்ஃபர்மேஷஏஏஏஏஏன்!”

எங்கேயோ கீழே மிளகு பறித்துக்கொண்டிருந்தவன் ‘ஊ’ என்றான்.

நான் காப்பிக்கொட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு குனிந்துகொண்டேன். அந்தச் சேதி என் தலைக்கு மேலே மூன்று தடவை வந்து நின்றது. ‘ஓய்’ என்று ஒரே வார்த்தை, அதைக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் மட்டும் அன்றைக்கு ஊட்டில் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று காளியாயி கேட்கவில்லை. கேட்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளையன் விடவில்லை. “உங்கப்பன் எங்கஅஅஅ? எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்ன்ன்!”

ராசம்மாள் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு முகத்தைக் காட்ட முடியவில்லை. அவள் மறுபடி பள்ளத்துப் பக்கம் திரும்பினாள்.

“அப்பா இங்கதான் இருக்காங்கஅஅஅ! தொண்டை கட்டிக்கிச்சுஉஉ! பேச முடியலைஐஐ!”

“அப்படியாஆஆ! சுக்குத்தண்ணி வெச்சுக் குடூஊஊ!”

அவள் இறங்கி வந்து அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் சுக்கு தட்டுகிற சத்தம் கேட்டது. பொய்யை மெய்யாக்கிவிட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு டம்ளர் நிறையக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். “சூடா இருக்குதுங்கப்பா, ஆத்திக் குடிங்க” என்றாள்.

குடித்தேன். என் தொண்டைக்கு ஒன்றுமில்லை.